ஏறக்குறைய 53 நாய்கள்: மைக்கேல் விக் வழக்கில் பிட்புல்களைச் சோதித்த கதை

‘அமெரிக்க அரசு எதிர் ஏறக்குறைய 53 பிட்புல் நாய்கள்.’ 2007-இல் வர்ஜீனியா மாநிலத்தின் கூட்டாட்சி நீதிமன்றத்தில் பதிவான ஒரு வழக்கின் பெயர் இது. யாரோ விளையாட்டுக்கு வைத்த பெயர் என்று நினைக்க வேண்டாம். பறிமுதல் செய்த பொருளைத் தன் வசமாக்க அரசு தொடுக்கும் சிவில் வழக்குகளில் அந்தப் பொருளையே பிரதிவாதியாகச் சேர்ப்பது அமெரிக்க வழக்கம். பணமூட்டை, கார், படகு எல்லாம் அங்கே பிரதிவாதியாக இருந்திருக்கின்றன. என்னை உறுத்தியது ‘ஏறக்குறைய’ என்ற சொல்தான். குற்றவாளிக் கூண்டில் ஏறக்குறைய நான்கு பேர் நின்றார்கள் என்று எந்தத் தீர்ப்பிலும் எழுத மாட்டார்கள். நாய் என்றால், அதிலும் பிட்புல் என்றால், தலையை எண்ணக்கூட அவசரமில்லை போலிருக்கிறது.

நம் ஊரில் ஒரு வீட்டின் கேட்டில் கை வைத்ததும் கேட்கிற முதல் கேள்வி, “நாய் கடிக்குமா?” அடுத்த கேள்வி, “என்ன ஜாதி நாய்?” இரண்டாவதற்குப் பதில் வந்துவிட்டால் முதலாவதற்கும் பதில் கிடைத்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம். அந்த நினைப்பு எவ்வளவு தூரம் சரி, எந்த இடத்தில் சறுக்குகிறது என்று பார்க்க இதைவிட நல்ல வழக்கு எனக்குத் தெரியவில்லை. சண்டைக்கென்றே வளர்த்த நாய்கள், ஒவ்வொன்றாக நடந்த குணச் சோதனை, அதற்கப்புறம் அவை வாழ்ந்து முடித்த வருடங்கள், மூன்றும் ஒரே கோப்பில் கிடைப்பது அபூர்வம்.

மூன்லைட் சாலை வீடு

2007 ஏப்ரல் 25. வர்ஜீனியாவின் சர்ரி கவுண்டி, வேர்க்கடலைக்கும் பன்றித்தொடைக் கறிக்கும் பேர்போன நாட்டுப்புறம். அங்கே மூன்லைட் சாலையில் இருந்த ஒரு வெள்ளை வீட்டுக்குக் காவல்துறை சோதனைக்கு வந்தது. வந்தது போதைப்பொருள் விவகாரத்துக்கு. நாய் அவர்கள் கணக்கில் இல்லை. வீட்டின் சொந்தக்காரர் மைக்கேல் விக், அட்லாண்டா ஃபால்கன்ஸ் அணியின் குவார்ட்டர்பேக். அமெரிக்கக் கால்பந்தில் அணியின் ஆட்டத்தை நடத்துகிறவரே அவர்தான். 2004-இல் 13 கோடி டாலருக்குப் பத்தாண்டு ஒப்பந்தம் போட்டிருந்தார்.

வீட்டுக்குப் பின்னால் மரங்களுக்கு நடுவே கறுப்பு பெயின்ட் அடித்த கொட்டகைகள். சுற்றிலும் அறுபதுக்கும் மேற்பட்ட நாய்கள், பெரும்பாலானவை பிட்புல். பல நாய்களைக் கட்டியிருந்த விதத்தைப் பார்த்தாலே விஷயம் தெரிந்தவர்களுக்குப் புரிந்துவிடும். பழைய காரின் அச்சுத்தண்டை நிலத்தில் செங்குத்தாகப் புதைத்து, சுழலும் தலையில் கனமான சங்கிலியை மாட்டியிருந்தார்கள். நாய் எத்தனை சுற்றுச் சுற்றினாலும் சங்கிலி முறுக்கிக்கொள்ளாது. சூட்சுமம் சங்கிலியின் நீளத்தில் இருக்கிறது. பக்கத்து நாய் கண்ணுக்குத் தெரியும், மூக்குக்குத் தெரியும், ஆனால் எட்டாது. நாள் முழுக்க அப்படி ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு நிற்பதே ஒரு பயிற்சி.

கொட்டகைகளுக்குள் நாய்கள் ஓடும் டிரெட்மில், ரத்தக் கறை படிந்த தரைவிரிப்பு, பெண் நாயை அசையவிடாமல் பூட்டிவைக்கும் மரச்சட்டம், கடித்த வாயை நெம்பி விடுவிக்கும் தட்டையான மரத்துண்டு எல்லாம் கிடைத்தன. அந்த மரத்துண்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகலாம். பிட்புல்லின் தாடையில் பூட்டு இருக்கிறது, கடித்தால் திறக்காது என்று நம் ஊரில்கூடச் சொல்வார்கள். அப்படி ஒரு பூட்டு எந்த நாயின் எலும்பிலும் இல்லை. இந்த நாய்களிடம் இருப்பது கவ்வியதை விடாத பிடிவாதம். அது பரம்பரையாகத் தேர்ந்தெடுத்து ஏற்றிய குணம். குணத்தை எலும்பாக்கிச் சொல்லும்போது வதந்திக்கு ஒரு விஞ்ஞானச் சாயல் வந்துவிடுகிறது, அவ்வளவுதான்.

ஜூலையில் குற்றப்பத்திரிகை, ஆகஸ்ட் 27-இல் ஒப்புதல், டிசம்பர் 10-இல் நீதிபதி ஹென்றி ஹட்சன் விதித்த 23 மாதச் சிறை என்று விக்கின் பக்கத்துக் கதை வேகமாக முடிந்தது. வெளியே வந்து 2009-இல் ஃபிலடெல்பியா ஈகிள்ஸ் அணியில் சேர்ந்து மறுபடி ஆடினார். அதை இங்கே நீட்டப் போவதில்லை. ஒப்புதல் வாக்குமூலத்தில் இருந்த ஒரு விவரம் மட்டும் நாய்களின் குணத்தைப் புரிந்துகொள்ளத் தேவைப்படுகிறது. அந்தக் கும்பல் இளம் நாய்களைச் சோதனைச் சண்டைக்கு விட்டுப் பார்க்கும். சரியாகச் சண்டை போடாதவற்றைக் கொன்றுவிடும். 2007 ஏப்ரலில் மட்டும் ஆறிலிருந்து எட்டு நாய்களைத் தூக்கிலிட்டும் நீரில் அமுக்கியும் கொன்றதை ஒப்புக்கொண்டார்கள்.

சேவல்கட்டு பார்த்தவர்களுக்குக் கோச்சைக்கறி தெரியும். தோற்ற சேவல் ஜெயித்தவன் வீட்டுக் குழம்புக்குப் போகும். இங்கே தோற்ற நாய்க்குக் குழம்பும் இல்லை, குழிதான். அந்தக் குழிகளைத்தான் கூட்டாட்சி அதிகாரிகள் அடுத்தடுத்த மாதங்களில் தோண்டினார்கள்.

கொன்றுவிடுவதுதான் வழக்கம்

பறிமுதலான சண்டை நாய்களை என்ன செய்வது என்பதில் அப்போது அமெரிக்காவில் பெரிய விவாதம் எதுவும் கிடையாது. வழக்கு முடியும்வரை அவை சாட்சியப் பொருள். முடிந்ததும் ஊசி. நாட்டுத் துப்பாக்கியைப் பறிமுதல் செய்து பிறகு உருக்குவது போலத்தான். விலங்கு நல அமைப்புகளே இந்தப் பக்கம் நின்றன என்பதுதான் பலருக்குத் தெரியாத விஷயம். அமெரிக்க ஹியூமேன் சொசைட்டியின் அன்றைய தலைவர் வெய்ன் பசெல், நாட்டிலேயே மிக மூர்க்கமாகப் பழக்கப்பட்ட பிட்புல்களில் இவை சேரும் என்று சொல்லி, கொல்வதையே பரிந்துரைத்தார். பீட்டாவின் நிலையும் அதுதான்.

இவர்களைக் கொடியவர்கள் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். அவர்கள் பக்கத்திலும் கணக்கு இருந்தது. காப்பகங்களில் சாதாரண நாய்களுக்கே இடமில்லை. சண்டை நாய் ஒன்று தத்துப்போன வீட்டில் ஒரு குழந்தையைக் கடித்தால் பழி யார் தலையில் விழும்? எனக்கு ஒப்பாதது அந்த முடிவைவிட, நாயைப் பார்க்காமலே அதை எடுத்த விதம். நாய் வாலை நிமிர்த்த முடியாது என்று நாம் சொல்வோமே, அதே நம்பிக்கைதான் அங்கேயும் வேறு பாஷையில் ஓடிக்கொண்டிருந்தது. இதில் வால் வளைந்திருக்கிறதா என்றுகூட யாரும் பார்க்கவில்லை.

பார்க்கச் சொன்னவர்கள் அரசுத் தரப்பு வழக்கறிஞர்கள். 1866-இல் நியூயார்க்கில் தொடங்கிய பழைய விலங்குவதைத் தடுப்புச் சங்கமான ஏஎஸ்பிசிஏவை அழைத்து, நாய்களை ஒவ்வொன்றாகச் சோதித்துச் சொல்லுங்கள் என்று கேட்டார்கள். விலங்கு நடத்தை ஆய்வாளர் ஸ்டீபன் சவிஸ்டாவ்ஸ்கி தலைமையில் ஒரு குழு அமைந்தது. கலிபோர்னியாவின் ஓக்லாந்திலிருந்து பிட்புல்களுக்காகவே இயங்கும் ‘பேட் ராப்’ அமைப்பின் டோனா ரெனால்ட்ஸ், டிம் ரேசர் இருவரும் குழுவில் சேர்ந்தார்கள்.

ரப்பர் கையும் பொம்மைக் குழந்தையும்

2007 செப்டம்பரில் சோதனை நடந்தது. நாய்கள் அதுவரை வர்ஜீனியாவின் வெவ்வேறு ஊர்க் காப்பகங்களில் நான்கு மாதத்துக்கும் மேலாக அடைந்து கிடந்தன. சாட்சியம் என்பதால் வெளியே அழைத்துப்போவதும் பழக்குவதும் குறைவு. எந்த நாயையும் நான்கு மாதம் இப்படிப் பூட்டினால் குணம் கெடும். அதனால் நல்ல நிலையில் உள்ள நாய்களைச் சோதித்ததாக நினைத்துவிடக் கூடாது.

சோதனை சாதாரணமாகத்தான் தொடங்கும். முன்பின் தெரியாத ஆள் ஒருவர் உள்ளே வந்து கொஞ்ச நேரம் சும்மா நிற்பார். பிறகு கூப்பிடுவார், தொடுவார், காதைப் பார்ப்பார், பாதத்தைப் பிடிப்பார். அடுத்து ஒரு சாப்பாட்டுத் தட்டு. நாய் தலையைக் கவிழ்த்துச் சாப்பிடும்போது, கோலின் முனையில் மாட்டிய செயற்கைக் கை ஒன்று தட்டுக்குள் நுழைந்து தட்டை இழுக்கும். தன் சாப்பாட்டில் கை வைத்தால் நாய் என்ன செய்கிறது என்று பார்க்க, நிஜக் கையைக் கொடுக்கத் தேவையில்லாத வழி இது. விளையாட்டுப் பொருள், மென்று கடிக்கும் எலும்பு ஆகியவற்றை வைத்தும் இதையே செய்வார்கள். அப்புறம் சின்னக் குழந்தை அளவில் ஒரு பொம்மை. கடைசியாக இன்னொரு நாய்.

எல்லோரும் எதிர்பார்த்தது உறுமலும் பாய்ச்சலும். பல நாய்கள் செய்தது வேறு. ஆள் உள்ளே வந்ததும் தரையோடு தரையாகப் படுத்துக்கொண்டன. வயிறு சிமெண்டில் ஒட்டியிருக்கிறது, நான்கு காலும் பரப்பியிருக்கிறது, கண் சுவரைப் பார்க்கிறது, உடம்பு நடுங்குகிறது. தூக்கி நிறுத்தினால் துணி மாதிரித் துவண்டு மறுபடி படுத்துவிடும். குழுவினர் இவற்றுக்கு ‘பான்கேக் நாய்கள்’ என்று பெயர் வைத்தார்கள். நாம் வைத்திருந்தால் தோசை நாய் என்றிருப்போம். அமெரிக்காவின் மிக ஆபத்தான நாய்கள் என்று செய்தித்தாள் எழுதிய கூட்டத்தில் பாதி, மனிதன் உள்ளே வந்தால் தரைக்குள் புகுந்துகொள்ள முடியுமா என்று பார்த்துக்கொண்டிருந்தது.

மற்ற சில, வாலை ஆட்டிக்கொண்டு வந்து மடியில் ஏறின. வேறு சிலவற்றுக்கு மனிதர் மேல் எந்தக் கோபமும் இல்லை, ஆனால் இன்னொரு நாயைக் காட்டியதும் உடம்பு விறைத்தது. சண்டையின் பழைய வடு உடம்பில் நிறைய இருந்தவை கொஞ்சம்தான். பெரும்பாலானவை இளசுகள், களத்துக்கு இன்னும் போகாதவை.

சோதித்தவை 49. நாய்களை ஐந்து வகையாகப் பிரித்தார்கள்: குடும்பத்தோடு வைத்துக் கவனிக்கத் தக்கவை, மோப்ப வேலை மாதிரியான காவல்துறைப் பயிற்சிக்கு ஏற்றவை, காப்பகத்தில் வைத்துத் தேற்றினால் பிறகு வீட்டுக்குப் போகக்கூடியவை, ஆயுள் முழுக்கக் காப்பகத்திலேயே இருக்க வேண்டியவை, கொல்ல வேண்டியவை. கடைசி வகைக்குக் குணத்தின் காரணமாகப் போனது ஒரே ஒரு பெண் நாய். இன்னொன்று நோயினால் கருணைக்கொலை செய்யப்பட்டது. மிச்சம் 47.

நீதிமன்றம் வல்பரைசோ பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர் ரெபெக்கா ஹஸ்ஸை இந்த நாய்களுக்குக் காப்பாளராக நியமித்தது. பிரதிவாதிகளுக்குக் கடைசியில் ஒரு ஆள் கிடைத்தார். யாருக்கு எந்த நாய் என்று அவர் பார்த்துப் பார்த்துப் பரிந்துரைத்து, எட்டு அமைப்புகளுக்குப் பிரித்தார். யூட்டா மாநிலம் கனாபில் உள்ள ‘பெஸ்ட் ஃபிரெண்ட்ஸ்’ காப்பகத்துக்கு 22, பேட் ராப்புக்கு 10, மீதி ஆறு அமைப்புகளுக்கு. பராமரிப்புச் செலவாக விக் சுமார் 9,28,000 டாலர் கட்ட வேண்டியிருந்தது.

சில நாய்கள்

லூகாஸைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். விக் கூட்டத்தின் சாம்பியன் நாய் அது. முகம் நிறைய வடு. பொதுப் புத்திப்படி பார்த்தால் 47-இல் மிகக் கொடியது இதுவாகத்தான் இருக்க வேண்டும். பெஸ்ட் ஃபிரெண்ட்ஸில் யார் வந்தாலும் குழைந்துகொண்டு போய் நின்றது லூகாஸ். பார்வையாளர்களுக்குப் பிடித்தமான நாய் அதுதான். இருந்தும் அதை யாருக்கும் தத்துக்கொடுக்கக் கூடாது என்று நீதிமன்றம் உத்தரவு போட்டிருந்தது. குணத்தைவிடச் சண்டை வரலாறுதான் அங்கே எடை போடப்பட்டது. சாம்பியன் ரத்தத்துக்குச் சூதாட்டக்காரர்களிடம் விலை உண்டு. லூகாஸ் 2013-இல் காப்பகத்திலேயே இறந்தது.

இப்படி ஆயுள் முழுக்கக் காப்பகம் என்று உத்தரவான இன்னொரு நாய் மெரில். இதன் கதை நேர் எதிர். மெரிலுக்கு அறிமுகமில்லாத மனிதர்களைக் கண்டால் ஆகாது. பழகிய பராமரிப்பாளர்களிடம் மட்டும் செல்லம். ஆக, களத்தில் ஜெயித்த நாய் மனிதர்களிடம் பசு, களத்துப் பெருமை இல்லாத நாய் மனிதர்களை நம்பாது. சண்டைத் திறமையை வைத்து மனிதரிடம் எப்படி நடக்கும் என்று ஊகிப்பவர்களுக்கு இந்த இரண்டு நாய்களையும் பக்கத்துப் பக்கத்தில் நிறுத்திக் காட்டினால் போதும்.

ஜார்ஜியாவின் வாயில் ஒரு பல்லும் கிடையாது. இனப்பெருக்கத்தின்போது ஆண் நாயைக் கடித்துவிடக் கூடாது என்பதற்காக 42 பல்லையும் பிடுங்கியிருக்க வேண்டும் என்பது காப்பகத்தாரின் முடிவு. பின்னாளில் அது ஒரு வீட்டில் சோபாவில் படுத்து வயதாகி இறந்தது.

ஜானி ஜஸ்டிஸ் பேட் ராப்பிடம் போன கறுப்பு வெள்ளை நாய். சான் பிரான்சிஸ்கோவில் ஒரு குடும்பத்தோடு வளர்ந்து, நூலகத்தில் குழந்தைகள் சத்தமாகப் புத்தகம் வாசிக்கும்போது பக்கத்தில் படுத்துக் கேட்கும் வேலைக்குப் போனது. திக்கித் திக்கி வாசிக்கும் பிள்ளைக்கு நாயிடம் கூச்சம் கிடையாது. தப்பைத் திருத்தவும் அதற்குத் தெரியாது. லியோ புற்றுநோயாளிகளைப் பார்க்கப் போகும் தெரபி நாய் ஆனது. மார்பெங்கும் வடு கொண்ட ஹெக்டர், மினசோட்டாவில் அதே மாதிரி வேலைக்குப் போனது. பத்திரிகைகள் இந்த மூன்றின் படத்தைத்தான் அடிக்கடி போட்டன.

ஜாஸ்மினின் கதை அவ்வளவு படம் போடத் தக்கதாக இல்லை. மேரிலாந்தில் ஒரு வீட்டுக்குப் போன பெண் நாய். கதவு திறந்தே இருந்தாலும் தன் கூண்டைவிட்டு வெளியே வராது. மாதக்கணக்கில் அப்படி. சாப்பாட்டைக் கூண்டருகே வைத்துவிட்டு ஆள் நகர்ந்தால்தான் சாப்பிடும். கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது, இன்னொரு நாயோடு சேர்ந்து புல்லில் ஓடியது, ஆனால் மனிதப் பயம் முழுக்கப் போகவே இல்லை. 2009-இல் சாலையில் வண்டி மோதி இறந்தது. ‘அன்பு காட்டினால் எல்லாம் சரியாகிவிடும்’ என்பவர்கள் ஜாஸ்மினையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பெஸ்ட் ஃபிரெண்ட்ஸில் வேலை நடந்த விதமும் கவனிக்க வேண்டியது. கால்நடை மருத்துவர் ஃபிராங்க் மெக்மில்லனின் மேற்பார்வையில் ஒவ்வொரு நாய்க்கும் பயம், தைரியம், உற்சாகம் போன்றவற்றுக்குத் தனித்தனியாக மதிப்பெண் போட்டு வரைபடம் வைத்தார்கள். பயக்கோடு இறங்குகிறதா, தைரியக்கோடு ஏறுகிறதா என்று பார்ப்பார்கள். தத்துப்போக வேண்டுமானால் நாய் ‘நல்ல குடிமகன்’ தேர்வு ஒன்றில் தேற வேண்டும், பிறகு ஆறு மாதம் அந்த வீட்டில் சோதனைக்காலம். மனிதர்களுக்குக்கூட இவ்வளவு கிடையாது.

பிட்புல் என்பது எது

பிட்புல் என்று ஒரே ஒரு இனம் இல்லை. அமெரிக்கன் பிட்புல் டெரியர், அமெரிக்கன் ஸ்டாஃபர்ட்ஷயர் டெரியர், ஸ்டாஃபர்ட்ஷயர் புல் டெரியர், அமெரிக்கன் புல்லி, இவற்றின் கலப்புகள் எல்லாம் அந்தப் பெயருக்குள் அடங்கும். வேர் இங்கிலாந்தில். கட்டிப்போட்ட காளையின் மேல் நாய்களை ஏவி வேடிக்கை பார்க்கும் பழக்கத்தை 1835-இல் சட்டம் தடுத்தது. காளையை ஒளித்து நடத்த முடியாது, நாய்ச் சண்டையை ஒரு நிலவறையில் நடத்தலாம். புல்டாக்கின் உடம்பையும் டெரியரின் விடாப்பிடியையும் சேர்த்து உருவான நாய், குடியேறியவர்களோடு அமெரிக்கா போனது.

இந்த நாய்களின் குணத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் தொண்ணூறு சதவீதம் குழப்பிக்கொள்வது ஒரே இடத்தில்தான். நாய் மேல் பாய்வதும் மனிதன் மேல் பாய்வதும் ஒரே குணத்தின் இரண்டு அளவுகள் என்று நினைக்கிறார்கள். அவை வெவ்வேறு குணங்கள். சண்டைக் களத்துக்குள் நாய்களோடு இரண்டு கையாட்களும் ஒரு நடுவரும் நிற்பார்கள். சண்டையின் நடுவில் கையை விட்டுப் பிரித்துத் தூக்குவார்கள். அந்த நேரத்தில் எஜமானன் கையைக் கடிக்கிற நாயை வைத்துத் தொழில் நடத்துவது கஷ்டம். அதற்காகக் கடித்த நாயையெல்லாம் அவர்கள் கொன்றுவிட்டார்கள், அதனால் பிட்புல் மனிதனைக் கடிக்கவே கடிக்காது என்று பிட்புல் ரசிகர்கள் சொல்வதும் மிகை. ஜெயிக்கிற நாய் கடித்தாலும் அதன் குட்டிக்கு விலை உண்டு.

டஃபி, சூ, செர்பெல் ஆகியோர் 2008-இல் வெளியிட்ட ஆய்வு இந்தப் பிரிவை எண்ணாகக் காட்டியது. நாய் வளர்ப்பவர்களிடம் விரிவான கேள்விப் பட்டியல் கொடுத்துப் பல இனங்களை ஒப்பிட்டார்கள். அறிமுகமில்லாத நாய்களிடம் மூர்க்கம் காட்டுவதில் அகிடா, ஜாக் ரஸ்ஸல் ஆகியவற்றோடு பிட்புல்லும் மேல்தட்டில் இருந்தது. மனிதர்களிடம் மூர்க்கம் காட்டுவதில் மேலே நின்றவை டாஷ்ஹண்டும் சிவாவாவும். சிரிக்கத் தோன்றும். ஆனால் சிவாவா கடித்தால் ஒரு பிளாஸ்திரி, பிட்புல் கடித்தால் ஆம்புலன்ஸ். எத்தனை முறை கடிக்கிறது என்பது ஒரு கணக்கு, கடித்தால் என்ன ஆகும் என்பது இன்னொரு கணக்கு. பிட்புல்லுக்கு ஆதரவாகப் பேசுகிற பலர் இரண்டாவதை விழுங்கிவிடுகிறார்கள்.

அவர்களில் பலர் நம்பிப் பரப்பிய இன்னொன்று ‘ஆயா நாய்’ கதை. அந்தக் காலத்தில் பிட்புல்லைக் குழந்தை பார்த்துக்கொள்ளத்தான் வைத்திருந்தார்கள், அதனால் அதற்கு ஆயா நாய் என்று பெயர் என ஒரு கதை நெடுநாள் உலவியது. அப்படி ஒரு வழக்கம் இருந்ததற்கு வரலாற்றில் ஆதாரம் இல்லை. இதை 2013-இல் வெளிப்படையாகச் சொல்லி, குழந்தைகளை ஆபத்தில் தள்ளும் இந்தப் பொய்யை இனிப் பரப்ப மாட்டோம் என்று ஒதுங்கியது வேறு யாருமில்லை, விக் நாய்களைக் காப்பாற்றிய அதே பேட் ராப். எனக்கு அந்த அமைப்பின் மேல் மரியாதை வந்தது நாய்களைக் காப்பாற்றியதைவிட இதற்காகத்தான்.

எதிர்ப்பக்கத்துக் கணக்கையும் வைத்துவிடுகிறேன். அமெரிக்காவில் 1979 முதல் 1998 வரை நாய் தாக்கி நடந்த மரணங்களை ஆராய்ந்த கட்டுரை ஒன்று 2000-இல் வந்தது. இனம் தெரிந்த 238 மரணங்களில் குறைந்தது 25 இனங்கள் சம்பந்தப்பட்டிருந்தன. பாதிக்கு மேல் பிட்புல் வகையும் ராட்வைலரும். இதை மறைத்துப் பேச முடியாது. அந்த ஆய்வாளர்களே ஒரு எச்சரிக்கையும் சேர்த்தார்கள்: நாட்டில் எந்த இனம் எத்தனை இருக்கிறது என்று தெரியாமல் இதை வைத்து ஆபத்து விகிதம் போட முடியாது. 2000 முதல் 2009 வரையிலான 256 மரணங்களைத் தோண்டிப் பார்த்த இன்னொரு ஆய்வில் இனத்தை உறுதியாகச் சொல்ல முடிந்தது 18 சதவீதத்துக்கும் குறைவான சம்பவங்களில்தான். ஆனால் வேறு சில விஷயங்கள் திரும்பத் திரும்ப வந்தன. 84 சதவீதத்தில் நாய்க்குக் கருத்தடை செய்யவில்லை. 76 சதவீதத்தில் நாய் குடும்பத்தோடு பழகாமல் சங்கிலியிலோ கூண்டிலோ தனியாகக் கிடந்தது. 87 சதவீதத்தில் தடுக்கத் திராணியுள்ள ஆள் பக்கத்தில் இல்லை.

2022-இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த மரபணு ஆய்வு, ஒரு நாய்க்கும் இன்னொரு நாய்க்கும் உள்ள நடத்தை வேறுபாட்டில் சுமார் ஒன்பது சதவீதத்தைத்தான் இனத்தை வைத்து விளக்க முடிகிறது என்றது. ஒன்பது சதவீதம் பூஜ்யம் இல்லை. கேட்டுக்கு வெளியே நின்று கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்ல அது போதாது, அவ்வளவுதான்.

இந்த வழக்கு சொல்லாதவை

49 நாய்கள் என்பது சின்னக் கணக்கு. சண்டை போடாதவற்றை விக் கும்பலே கொன்றிருக்கிறது, பெரும்பாலானவை களம் காணாத இளசுகள். ஆகவே ‘சண்டை நாய்கள் எல்லாம் இப்படித்தான் இருக்கும்’ என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஒன்பது லட்சம் டாலர் எல்லா வழக்கிலும் வராது. வேலூரிலோ வில்க்ஸிலோ பிடிபடும் கும்பலில் கோடீஸ்வர ஆட்டக்காரர் இருக்க மாட்டார். காப்பாற்றியவர்கள் கைதேர்ந்தவர்கள். தத்தெடுத்த பல வீடுகளில் நாய்களைத் தனித்தனி அறைகளில் மாற்றி மாற்றி வைக்கத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். தெரபி நாயின் படத்தைப் பார்த்து ஆசைப்பட்டு இரண்டாவது மாடி அடுக்ககத்தில் ஒன்றை வாங்கிக் கட்டிவைப்பவருக்கு இந்த வழக்கில் ஆறுதல் எதுவும் இல்லை.

வில்க்ஸ் என்றேனே, அது வட கரோலினாவில் உள்ள கவுண்டி. 2009 பிப்ரவரியில், விக் நாய்களின் கதை ஊரெல்லாம் பரவிய பிறகு, அங்கே ஒரு சண்டை நாய்ப் பண்ணையிலிருந்து பறிமுதலான 120-க்கும் மேற்பட்ட பிட்புல்களை, காப்பகத்தில் பிறந்த குட்டிகளோடு சேர்த்துக் கொன்றார்கள். ஒரு நாயைக்கூடச் சோதிக்கவில்லை. ஹியூமேன் சொசைட்டி அதற்கு ஆதரவாக நின்றது. கண் திறக்காத குட்டி எந்தக் களத்தில் சண்டை போட்டது என்று நாடு முழுக்கக் கேட்டார்கள். சில வாரங்களில் லாஸ் வேகஸில் அமைப்புகள் கூடிப் பேசின. ஹியூமேன் சொசைட்டி தன் கொள்கையை மாற்றி, ஒவ்வொரு நாயையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும் என்று சொன்னது. விக் வழக்கு காட்டிய வழி நடைமுறையானது அந்தக் குட்டிகளின் கணக்கில்தான்.

நம் பக்கம் இந்தப் பேச்சு 2024-இல் சூடுபிடித்தது. மார்ச் 12-இல் மத்திய அரசு பிட்புல் டெரியர், ராட்வைலர் உட்பட 23 இனங்களின் இறக்குமதியையும் விற்பனையையும் தடுக்கச் சொல்லி மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. ஏப்ரலில் கர்நாடக உயர்நீதிமன்றம் சம்பந்தப்பட்டவர்களைக் கேட்காமல் எடுத்த முடிவு என்று அதை ரத்து செய்தது. மே 5-ஆம் தேதி சென்னையில் ஒரு மாநகராட்சிப் பூங்காவில் இரண்டு ராட்வைலர்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் குதறின. அந்தக் குழந்தையின் தாயிடம் போய் ஒன்பது சதவீதம் பற்றிப் பேச யாருக்கும் வாய் வராது. ஆனால் அன்று அந்த நாய்கள் யார் கையிலும் பிடிபடாமல் திரிந்தன, வாய்க்கூடும் இல்லை என்பதை அந்தப் பட்டியலில் எத்தனை இனத்தைச் சேர்த்தாலும் மாற்ற முடியாது.

ஃப்ரோடோ என்ற நாயைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். மூன்லைட் சாலையில் பறிமுதலானபோது அது குட்டிப் பருவம். பேட் ராப் வழியாகக் கலிபோர்னியாவில் ஒரு குடும்பத்துக்குப் போனது. பெரிய தெரபி வேலை எதுவும் பார்த்ததாகத் தெரியவில்லை, வீட்டில் இருந்தது, வயதானது. 2021 டிசம்பரில், ஏறக்குறைய 15 வயதில் இறந்தது. பிரதிவாதிகளில் அதுதான் கடைசி.